சுமை நடந்த பாதை

(போடிநாயக்கனூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலோரச் சரணாலயங்களையும் அங்கே பொழுதுபோக்காகச் சென்றுவருவதையும் பற்றி நான் பேசவேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, முப்புறமும் மலை வளைத்துநிற்க, சமுத்திரத்தின் ஓசை எந்தக் காலத்திலும் வந்து எட்டாத இந்தப் போடியில் இப்படியொரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுடைய ஹாஸ்ய உணர்ச்சியை முதலில் மெச்சினேன். பிறகு சாவகாசமாக உட்கார்ந்து யோசித்ததில், அவர்கள் தெரிந்தோ தெரியாமலோ சரியான ஊரைத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று பட்டது. ஏனென்றால், நம் ஊர் வழியாக ஓடுகிற நெடுஞ்சாலை மேற்கே கொச்சியில் அரபிக்கடலோரம் பிறந்து, மூணாறு, தேவிகுளம், பூப்பாறை எல்லாம் கடந்து, போடிமெட்டில் மூச்சு வாங்கி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் சுழன்று நம் வாசலில் இறங்கி, தேனி, மதுரை, சிவகங்கை என்று கிழக்கே போய், தொண்டியில் பாக் நீரிணையின் கரையைத் தொட்டபிறகுதான் நிற்கிறது. இன்று அதற்கு எண் 85. முன்பு 49 என்ற எண்ணோடு தனுஷ்கோடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எண் எதுவானாலும், வீட்டு வாசலில் நின்றுகொண்டு வலக்கையால் ஒரு கடலையும் இடக்கையால் ஒரு கடலையும் சுட்டிக்காட்டக்கூடிய பாக்கியம் மலையடிவார ஊர்களில் எத்தனைக்கு உண்டு?

நம் ஆற்றுக்கும் அந்த உறவு உண்டு. குரங்கணிச் சரிவுகளில் ஊறி இறங்கும் கொட்டகுடி ஆறு வைகையில் கலக்கிறது. வைகையோ வழியிலுள்ள கண்மாய்களுக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்து, கடைசியில் இராமநாதபுரம் பெரிய கண்மாயும் நிரம்பி மிஞ்சினால்தான் கடலின் முகத்தைப் பார்க்கிறது. அப்படி மிஞ்சுவது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை இராமநாதபுரத்துக்காரர்களிடம்தான் கேட்கவேண்டும். அவர்கள் சொல்லும் பதில் அவ்வளவு மரியாதையாக இராது.

ஆகையால் மலையிலிருந்து கடலுக்குப் போகும் பாதையாகவே என் பேச்சையும் அமைத்துக்கொள்கிறேன். எனக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான் இருக்கிறது. அதை முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். இன்று நாம் உல்லாசமாக நடக்கிற பாதை ஒவ்வொன்றும் முன்பு யாரோ கூலிக்கு நடந்த பாதை. பல இடங்களில் இன்றைக்கும் கூலிக்கு நடக்கிற பாதை. அந்த மனிதரைக் கண்ணால் பார்க்காமல், அவருக்குத் தெரிந்ததைக் காதால் கேட்காமல், மலையையும் கடலையும் மட்டும் பார்த்துத் திரும்புகிறவன் பாதிதான் பார்த்தவன். சில சமயம் அந்த மற்றப் பாதியில்தான் அவனுடைய உயிரே இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விடியுமுன்னே, இன்னும் தெருவிளக்கு அணையாத நேரத்தில், நம் தெருமுனைகளில் தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் காத்து நிற்கிறார்கள், ஜீப் வருகிறது, இத்தனை பேர் இதற்குள் எப்படி என்று கணித சாஸ்திரமே திகைக்கும்படி அத்தனை பேரும் ஏறிக்கொள்கிறார்கள், முந்தல் தாண்டி, மெட்டு ஏறி, கேரள எல்லைக்கு அப்பால் ஏலத்தோட்டங்களில் இறங்குகிறார்கள். அதே நேரத்தில் அதே வளைவுகளில் வேறு வண்டிகளும் ஏறுகின்றன. அவற்றில் இருப்பவர்கள் கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள். கொழுக்குமலை நம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் வண்டியில் போகிறவர் கேரளத்துக்குள் நுழைந்து, சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்து குலுங்கிக் குலுங்கித் திரும்பவும் தமிழ்நாட்டுக்குள் வந்துதான் அதை அடைகிறார். நம் வீட்டு மாடிக்குப் பக்கத்து வீட்டுப் படிக்கட்டில் ஏறிப் போவதுபோல!

இரண்டு வண்டிகளில் இருப்பவர்களும் ஒரே மலைக்குப் போகிறார்கள். ஆனால் பார்ப்பது ஒன்றையல்ல. ஏலச்செடியின் குணம் உங்களுக்குத் தெரியும். ஆள் உயரத்துக்கு மேல் தழைத்து நிற்கும் அந்தச் செடி, தன் காயை மட்டும் தலையில் வைத்துக்கொள்ளாமல் காலடியில் வைத்திருக்கிறது. தூரிலிருந்து புறப்படும் சரம் தரையை ஒட்டித் தவழ்ந்து கிடக்கும். அதில் பழுக்கும் தறுவாயில் உள்ள காயை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ளவேண்டும். பிஞ்சைத் தொட்டால் அடுத்த எடுப்புக்குக் காய் இல்லை. ஆகவே எடுக்கிறவள் நாள் முழுவதும் குனிந்தபடியே இருக்கிறாள். சுற்றிலும் மேகம் தவழ்கிற, பூலோக சொர்க்கம் என்று பிறர் புகழ்கிற ஒரு பிரதேசத்தில் ஆயுள் முழுவதும் உழைத்தவளுக்குத் தெரிந்த சௌந்தரியம், ஒரு முழ அகல மண்ணும் அதன்மேல் கிடக்கும் சரமுமே. அவளும் அந்த நிலத்தை அறிந்தவள்தான். எந்தத் தூருக்கடியில் அட்டை மிகுதி, எந்த ஓடையோரம் காட்டுமாடு இறங்கும், எந்த மூலையில் மேகம் கவிந்தால் எத்தனை நேரத்தில் மழை பிடிக்கும் என்பதெல்லாம் அவளுக்குப் பாடம். அந்தப் பாடத்தை அவளிடம் கேட்க எந்த ஜீப்பும் நின்றதில்லை.

(நம் பாஷையில் காய்க்கும் ஏலம், அதை விற்கும் முறைக்கும் ஏலம். ஏலக்காய் ஏலம் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். விலை இறங்கிய வருஷத்தில் நமக்குச் சிரிப்பு வராது.)

பாதை எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். மூணாற்றுத் தேயிலையைச் சமவெளிக்குக் கொண்டுவர வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் 1902ஆம் ஆண்டு, குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மலையுச்சி வரை ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் விசித்திரமான வண்டி ஒன்றை அமைத்தார்கள்; அதை இழுத்தவை மாடுகள். 1908இல் அது எடுக்கப்பட்டு நீராவி என்ஜின் இழுக்கும் குறுகிய ரயில்பாதை வந்தது. அது முடிந்த இடமே டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கி, ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் அந்தரத்திலேயே பிரயாணம் செய்து கொட்டகுடியில் இறங்கின. அந்த இடம் பாட்டம் ஸ்டேஷன். அப்புறம் நம் ஊருக்கு மாட்டுவண்டி. அதற்கப்பால் ரயிலும், கப்பலும், இலண்டன் மாநகரத்துப் பீங்கான் கோப்பையும். 1924இல், மலையாளத்தார் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று இன்றும் சொல்கிற அந்தப் பிரளயம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெயர் மட்டும் மிஞ்சியது. ரயில் இல்லாத ஸ்டேஷனைத் தேடிவந்து, பிளாட்பாரம் எங்கே என்று என்னிடம் விசாரித்த பட்டணத்துக் குடும்பம் ஒன்று உண்டு. இப்போது சென்னையிலிருந்து நம் போடிக்கே நேராக ரயில் வருகிறது. 2023 ஜூன் முதல். ஆகவே விசாரிக்கிறவர்களுக்கு இனிப் பஞ்சமில்லை.

குரங்கணியிலிருந்து, நடுவழியிலுள்ள சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷன் ஏறும் பாதை அந்தச் சரக்குப் போக்குவரத்தின் கால்தடமே. கம்பிவடம் சுமந்தது தேயிலையை. அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், துணிமணி, சில சமயம் பிரசவ வேதனைப்பட்ட ஸ்திரீகள் ஆகிய மற்றப் பலவற்றையும் சுமந்தவை மனிதத் தலைகளும் தோள்களும் கழுதைகளின் முதுகுகளுமே. அதற்கும் முன்னால் அந்த மலைகளில் முதுவர் நடந்தார்கள். மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியதால் முதுவர் ஆனோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. சொல்லாராய்ச்சிக்காரர்கள் இதை ஒப்புவார்களோ என்னவோ. மலைப்பாதையின் சரித்திரத்தைச் சுமையிலிருந்து தொடங்குகிற கதை என்பதால் எனக்கு அது பிரியமானது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஏலத்தோட்டமொன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் தகப்பனாரைப் பார்ப்பதற்காக ஒரு சுமைக்காரரோடு என்னை அனுப்பினார்கள். தலையில் சும்மாடு, அதன்மேல் அரிசி மூட்டை, கையில் ஒரு கம்பு. வழி நெடுக அவர் பேசவே இல்லை. பேச்சுத்துணை இல்லாத நடை எனக்குத் தண்டனையாக இருந்தது. கிராமங்களில் சாலையோரம் சுமைதாங்கிக் கல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலையில் அதை யாரும் நட்டுவைக்கவில்லை, ஆனால் தலையளவு உயரத்தில் தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகள் எவை என்பது சுமைக்காரர்கள் அனைவருக்கும் தெரிந்திருந்தது. அப்படியொரு பாறையில் மூட்டையைச் சாய்த்தவர், திடீரென்று என் தோளை அழுத்தி உட்காரவைத்து, "தம்பி, வாயத் தொறக்காத. வாடை அடிக்குது" என்றார். எனக்கு ஈரமண் வாசனை தவிர வேறொன்றும் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் இருந்திருப்போம். பிறகு ஓடைக்கு அப்பால் மூங்கில் முறிகிற ஓசை கேட்டது. அது மெல்லத் தூரமாகிப் போயிற்று. யானையை நான் பார்க்கவே இல்லை. மறுபடி மூட்டையைத் தூக்கிக்கொண்டு, "அதுக்கு நேரம் குடுத்துட்டா அது வழி விட்டுரும்" என்றார். வனவிலங்கு சாஸ்திரத்தில் பிற்காலத்தில் நான் படித்தவை பல. அவற்றுள் இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் எனக்குப் பிரயோஜனப்பட்டவை மிகச் சில.

இனிச் சொல்லப்போவதை இந்த ஊரில் சொல்வது எளிதல்ல. 2018ஆம் ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மாசி முடியும் தறுவாய். சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டு ஊர்களிலிருந்தும் வந்த இளைஞர்களும் இளம்பெண்களும் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருக்கையில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. அன்றும் பின்னர் ஆஸ்பத்திரிகளிலுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அன்றிரவு நம் சாலையில் ஆம்புலன்ஸ்களின் சத்தம் ஓயவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்தவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள்.

யார் குற்றம் என்று விசாரிக்க நான் வரவில்லை. அதை விசாரிக்க அரசாங்கம் அதிகாரியை நியமித்தது, அறிக்கையும் வந்தது. நான் இரண்டு சங்கதிகளை மட்டும் சொல்கிறேன். ஒன்று, புல்லைப் பற்றியது. மழைக்காலத்தில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக அலையடிக்கிற அந்த ஆள் உயரப் புல், பனி போய் வெயில் ஏறிய மாசி பங்குனியில் வைக்கோல்போருக்குச் சமம். சமதரையில் நடந்துவரும் தீ சரிவில் ஓடிவரும். பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறுவதாலும், கீழே எரிகிற சுவாலை மேலே நிற்கிற புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதாலும், மேல்நோக்கி ஓடுகிற மனிதனைக் காட்டிலும் தீ விரைவாக ஏறும். குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்து முதியவர் யாரைக் கேட்டாலும், "மாசி பங்குனியில மேல என்ன சோலி?" என்பார். இந்தக் கேள்வியில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது; கேட்கத்தான் ஆள் வேண்டும். இன்னொன்று, முதலில் மேலே ஓடியவர்களைப் பற்றியது. ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் வந்தார்கள், அரும்பாடுபட்டார்கள். அவர்களுக்கு முன்பாக இருட்டில் ஏறி, போர்வையையும் கம்பையும் டோலியாகக் கட்டி, தீப்புண் பட்டவர்களைத் தோளில் சுமந்து இறக்கியவர்கள் அடிவாரத்து ஜனங்கள். சுமைக்காக உண்டான பாதையில், வேடிக்கை பார்க்க வந்தவர்களைச் சுமந்துகொண்டு அவர்கள் இறங்கினார்கள்.

அதே 2018 குறிஞ்சி ஆண்டு. 1994, 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, தீ நடந்த சில மாதங்களில் கொழுக்குமலைப் பக்கமும் பூத்தது. பூத்ததைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அதன் நிறத்தை வர்ணித்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். இன்று அதற்காக வெட்கப்படவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை.

குறிஞ்சி என்றவுடன் திணையைப் பற்றிச் சொல்லாமல் தமிழன் ஒருவனால் மேடையை விட்டு இறங்க முடியாது, நானும் விதிவிலக்கல்ல. ஆனால் நம் புலவர்கள் சாதாரணமாகச் சொல்வதை விட்டு வேறொன்றைச் சொல்கிறேன். மலையைக் குறிஞ்சி என்றும் கடற்கரையை நெய்தல் என்றும் பெயரிட்ட நம் முன்னோர், ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் வகுத்தபோது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை என்ற வரிசையிலேயே செய்தி என்று தொழிலையும் சேர்த்து வைத்தார்கள். குறிஞ்சிக்குத் தேன் அழித்தலும் தினை காத்தலும். நெய்தலுக்கு மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும். தொழில் இல்லாத நிலம் ஒன்று அவர்களுடைய கற்பனையில் இல்லவே இல்லை. பாலைக்குக்கூட ஆறலைத்தலை ஒரு தொழிலாக வைத்துவிட்டார்களே! மனிதனை வெளியேற்றிவிட்டால்தான் இயற்கை பரிசுத்தம் என்ற எண்ணமும், மனிதன் வேலை செய்வது காட்சிக்கு இடைஞ்சல் என்ற எண்ணமும் நமக்குப் புறத்தேயிருந்து வந்தவை. நிழற்படத்தில் ஒரு கூலிப்பெண் குறுக்கே வந்துவிட்டால் அவள் நகரும்வரை காத்திருக்கிறோம்.

இனிக் கடற்கரைக்கு இறங்குவோம்.

கோடியக்கரைக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். சோழநாட்டின் தெற்கு மூலையில், கடல் இரண்டு திசைகளில் வளைந்து போகும் அந்தக் கோடியில், 1967இல் ஏற்பட்ட சரணாலயம் அது. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. மழை காணாத பருவத்திலும் இலை உதிர்க்காத வறண்ட பசுமைக்காடு. அதன் நடுவே புல்வெளி. புல்வெளியில் முறுக்குக் கொம்போடு வெளிமான். என்றோ வீட்டுக்குதிரைகளாக இருந்து காட்டுக்குதிரைகளாகிவிட்ட மட்டக்குதிரைகள். கார்த்திகை, மார்கழியில் வடதேசங்களிலிருந்து வரும் பறவைகள். உவர்நீரில் நெடுங்கால்களோடு நிற்கும் பூநாரைகள். இவற்றையெல்லாம் எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்லும். அது வற்புறுத்திச் சொல்லாத ஒன்றை நான் அங்கே கண்டேன். சரணாலயத்தின் பக்கவாட்டில் கண்ணுக்கு எட்டியவரை உப்பளம். வெண்மணல்போல் கண்ணைக் கூசவைக்கும் பாத்திகளில், வெறுங்காலோடு நின்று பலகையால் உப்பை வாரிக் கரையேற்றும் ஆண்களும் பெண்களும். பூநாரை எந்தக் கழிமுகத்தில் எந்த மாதம் வந்து நிற்கும், எந்த ஆண்டு வரவில்லை, வராததற்கு முந்தின பருவமழை எப்படியிருந்தது என்பதை, தொலைநோக்கியோடு போன நாங்கள் உப்பு வாருகிற ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அவர் எங்களைக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இதப் பாக்கவா அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தீக?"

அந்த மண்ணுக்கு நடைப்பயணிகள் புதியவர்கள் அல்லர். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜியின் தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள், தஞ்சை ஜில்லாவின் ஊர்களில் தங்கித் தங்கி, கோடியக்கரைக்குப் பக்கத்து வேதாரண்யம் அடைந்து, 30ஆம் தேதி உப்பெடுத்துச் சிறைபுகுந்தார்கள். உல்லாசத்துக்காக அல்லாமல், கடற்கரைவாசியின் தொழிலை அவனுக்கே மீட்டுத்தருவதற்காக நடந்த நடை அது. இன்று பறவை பார்க்கப் போகிறவர்கள் அதன் நினைவுத்தூணைக் காரிலிருந்தபடியே பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

2018ஆம் ஆண்டை மறுபடி இழுக்க வேண்டியிருக்கிறது. குரங்கணி எரிந்த அதே ஆண்டின் நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையேறி, கோடியக்கரைக் காட்டின் மரங்களை வேரோடு சாய்த்து, தென்னந்தோப்புகளைச் சமதரையாக்கி, மேற்கே வந்து கொடைக்கானல் மலையிலும் சேதம் விளைத்துவிட்டு அரபிக்கடலில் இறங்கியது. நம் நெடுஞ்சாலைக்கு இணையாகவே புயலும் ஒரு பாதை போட்டுக்கொண்டது என்று சொல்லலாம்.

கடலோரத்தில் காட்டிலாகாவும் கடலோடியும் எப்போதும் ஒத்துப்போனதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மன்னார் வளைகுடாவின் இருபத்தோரு தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் சேர்த்து 1986இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். ஆக்கியது சரியே. பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்தேபோயின. இனியும் விட்டிருந்தால் மிச்சம் இருந்திராது. ஆனால் அதே தீவுகளைச் சுற்றி முக்குளித்துக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பாம்பன் பக்கத்துப் பெண்கள் ஒரே நாளில் அத்துமீறுகிறவர்கள் ஆகிவிட்டார்கள். பாசி மறுபடி முளைக்கும்படி எப்படிக் கிள்ளவேண்டும், எந்த மாதத்தில் கிள்ளக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். நம் ஏலத்தோட்டத்துப் பெண்ணுக்குப் பிஞ்சைத் தொடக்கூடாது என்று தெரிவதுபோலவே. குனிந்த முதுகு இரண்டு இடத்திலும் ஒன்றே. சட்டம் எழுதியவர்கள் அவர்களை முதலில் கூப்பிட்டுக் கேட்டிருந்தால், பல வருஷத்து மனஸ்தாபம் தவிர்ந்திருக்கும்.

கரையில் வாழ்கிறவரையே காவலராக்கிய முன்மாதிரிகளும் உண்டு. அமெரிக்க தேசத்தில் இன்று நூற்றுக்கணக்கான வனவிலங்குப் புகலிடங்கள் இருக்கின்றன. அவற்றுள் முதலாவது கடலோரத்ததுதான். தொப்பியில் செருகிக்கொள்ளும் இறகுக்காகப் பறவைகளைச் சுட்டுத் தள்ளிய காலத்தில், 1903 மார்ச் 14 அன்று ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், புளோரிடாவிலுள்ள பெலிக்கன் தீவைக் கூழைக்கடாக்களின் அடைக்கலமாக அறிவித்தார். அதற்குக் காவலராக நியமிக்கப்பட்டவர் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றவரல்லர். அந்தத் தீவுக்கு எதிர்க்கரையில் குடியிருந்து படகு கட்டிக்கொண்டிருந்த பால் குரோகல் என்பவர். உத்தரவு வருவதற்குப் பல வருஷங்கள் முன்பிருந்தே அவர் தம் சொந்தப் படகில் போய்ப் பறவைகளைக் காத்துவந்தவர். மாதச் சம்பளம் ஒரு டாலர். அதையும் ஒரு பறவைச் சங்கம் கொடுத்தது. அதற்கும் நூறு வருஷம் முன்னால், நம் வேடந்தாங்கல் கிராமத்தார், ஏரியில் கூடுகட்டும் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதைப் பொறுக்காமல், செங்கற்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டு, சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கிவிட்டார்கள். ஜீவகாருண்யம் மட்டுமல்ல காரணம். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பயிருக்கு உரம். இதைச் சொன்னால், அப்படியானால் அது சுயநலந்தானே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் சுளிப்பதில்லை. பறவையால் பிழைக்கிறவன் பறவையைக் காப்பதைவிட உறுதியான காவலை எந்தச் சட்டமும் இதுவரை கண்டுபிடித்ததில்லை.

இப்போது நம் நாட்டிலும் காற்று அந்தத் திசையில் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. குரங்கணித் தீக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனியே விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு நாற்பது நடைப்பாதைகளைத் தெரிந்தெடுத்து, முன்பதிவும் வழிகாட்டியும் இருந்தால்தான் ஏறலாம் என்று ஏற்பாடு செய்தது. வழிகாட்டிகள் அந்தந்தக் காட்டோரத்துக் கிராமங்களையும் பழங்குடிகளையும் சேர்ந்தவர்கள். நம் குரங்கணி–சாம்பலாறு பாதையும் அவற்றில் ஒன்று. தீப்பருவத்தில் பாதைகளை மூடிவைக்கிறார்கள். மாசியில் மேலே என்ன சோலி என்ற கிழவரின் வார்த்தை, ஏழு வருஷம் கழித்து அரசாங்க உத்தரவாகியிருக்கிறது. கட்டணம் அதிகம் என்று பட்டணத்துப் பிள்ளைகள் முணுமுணுப்பதைக் கேட்டேன். அவர்கள் காலில் போட்டிருக்கும் செருப்பின் விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டபிறகு எனக்கு அந்த முணுமுணுப்பில் அனுதாபம் குறைந்துவிட்டது. என் ஆதங்கம் வேறு. வழிகாட்டியை முன்னால் விட்டுவிட்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு பின்னால் போகிறார்கள். வாடை அடிக்கிறது என்று அவர் சொன்னால் யார் காதில் விழும்?

2030இல் குறிஞ்சி மறுபடி பூக்கவேண்டும். நேராக ரயில் இருக்கிறது, அகலமான சாலை இருக்கிறது, கைக்குக் கை நிழற்படக் கருவி இருக்கிறது. வரப்போகும் கூட்டத்தை இப்போதே என்னால் கற்பனை செய்ய முடிகிறது. அந்தக் கூட்டத்துக்குக் காட்டை அறிமுகம் செய்யப்போகிறவர்கள் யார் என்பதை இன்றே தீர்மானிக்க வேண்டும். முதுவாக்குடியிலும் சிறைக்காட்டிலும் கொட்டகுடியிலும் உள்ள பிள்ளைகள் அதற்குள் வழிகாட்டிகளாகப் பழகியிருந்தால், காய் எடுக்கப் போகும் ஜீப்பில் ஏறாமலேயே அவர்களுக்கு மலையில் ஒரு ஜீவனோபாயம் கிடைக்கும். பழகாவிட்டால், வெளியூர் நிறுவனங்கள் வழிகாட்டிகளையும் வெளியூரிலிருந்தே கூட்டிவரும். என் அனுபவத்தில் அப்படி ஒருவரோடு ஒருமுறை போய், ஓடையைத் தவறவிட்டு, பொழுது சாய்ந்தபின் ஏலத்தோட்டத்து விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து இறங்கிவந்தேன். அவர் நல்ல பையன்தான். கையில் வரைபடமும் இருந்தது.

நேரமாகிவிட்டது, ஒன்றே ஒன்றைச் சொல்லி விடைபெறுகிறேன். சென்ற தைமாதம் நம் சாலையில் பஸ் ஏறி அதன் கிழக்கு முனைக்கே போய்விடுவது என்று தீர்மானித்து, தொண்டிப் பக்கம் காரங்காடு என்ற கடற்கரைக் கிராமத்துக்குப் போனேன். அங்கே அலையாத்திக் காட்டைச் சுற்றிக்காட்டும் படகுகளை வனத்துறையின் ஆதரவோடு ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். எனக்குப் படகு தள்ளியவர் மீனவ இளைஞர். நாரைகளைக் காட்டினார், நண்டு வளையைக் காட்டினார், அந்தக் கடலில் அபூர்வமாகிவிட்ட ஆவுளியாவைப் பற்றி, அதாவது கடற்பசுவைப் பற்றி, தம் பாட்டனார் சொன்ன கதைகளைச் சொன்னார். அதற்கென்றே 2022இல் வடக்கே தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அமைத்திருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கரைக்கு வந்ததும் என் பையிலிருந்து ஒரு பிடி ஏலக்காய் எடுத்துக் கொடுத்தேன். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது மரத்துல காய்க்கிறதுதானே?" என்றார்.

இல்லை தம்பி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. எழுபது வயதுக்குமேல் அந்தச் சேற்றங்கரையில் குனிந்து உட்கார்ந்து, செடி இவ்வளவு உயரம், தூர் இங்கே, சரம் இப்படித் தரையோடு போகும் என்று விரலால் ஈரமண்ணில் கோடு கிழித்துக் காட்டினேன். அவரும் பக்கத்தில் குனிந்து உன்னிப்பாகப் பார்த்தார். பிறகு, அலையாத்தி மரத்தடியில் சேற்றைத் துளைத்துக்கொண்டு ஆணி ஆணியாக மேலே நீட்டிக்கொண்டிருந்த மூச்சுவேர்களைத் தொட்டுக்காட்டி, "இதுமாதிரி தூர்லருந்துதான் கெளம்புமாக்கும். அப்ப எடுக்கிறவங்களுக்கு இடுப்பு நோகுமே, ஐயா?" என்று கேட்டார்.